மிஸியின் விறாந்தை: நாலரை மணிக்கு எழும்பி எங்கே போவது?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அறுபது தாண்டியவர்கள் எழுதியவை. அதனால் பிள்ளைப் பராமரிப்புக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். தாய்மார் கோபிக்கவேண்டாம். அதற்குள் உங்கள் பிள்ளைக்குப் பல் முளைத்து, கேள்வியே மாறிவிடும்.

கேள்வி: பிரதேச செயலகமொன்றில் 34 வருடம் எழுதுவினைஞராக இருந்து, அறுபது வயதில் பென்சன் எடுத்தேன். பழக்கத்தில் இன்னும் நாலரை மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. குளித்து, அயன் பண்ணிய சேட்டைப் போட்டுக்கொண்டு கதிரையில் இருக்கிறேன். போக இடமில்லை. குசினிக்குப் போனால் சட்டி மூடியைத் திறந்து பார்க்கிறேன் என்று மனைவி ஏசுகிறார். கட்டாரிலும் லண்டனிலும் இருக்கும் பிள்ளைகள் "உழைச்சது போதும், ரெஸ்ட் எடுங்கப்பா" என்கிறார்கள். எட்டு மாதமாக ரெஸ்ட் எடுத்துக் களைத்துப்போனேன் மிஸி.
(களுவாஞ்சிகுடி)

பதில்: தம்பி, அந்தக் களைப்பு எனக்கும் தெரியும். 2011இல் நான் மருத்துவிச்சி வேலையிலிருந்து பென்சன் எடுத்த அன்று ஒப்படைத்த சாமான்களில் என்னுடைய தொங்கு தராசும் ஒன்று. பிள்ளையைத் துணிப் பைக்குள் இருத்தி, வீட்டு வளையில் கொழுவி நிறை பார்ப்போமே, அதுதான். 38 வருடம் அதைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு, மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் திரிந்திருக்கிறேன். மண்முனைப் பாலம் 2014இல்தான் திறந்தார்கள். என் காலத்தில் பாதையில் ஏறித்தான் வாவியைக் கடக்கவேண்டும். (வெளியூர் வாசகருக்கு: பாதை என்றால் இங்கே ரோட்டு இல்லை. ஆளையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு இக்கரைக்கும் அக்கரைக்கும் போகும் மிதவை.) பாதை விடுகிறவர் நான் வரும்வரை ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டு நிற்பார். "மிஸி வரல்ல இன்னும்" என்று மற்ற ஆட்களுக்குச் சொல்வார். ஏசிக்கொண்டாவது அவர்களும் நிற்பார்கள்.

தராசைக் கொடுத்துவிட்டு வந்த பிறகு ஆறு மாதம் நான் செய்த வேலை என்ன தெரியுமா? எங்கள் ஒழுங்கையால் போகிற பிள்ளைகளைக் கண்ணாலேயே நிறுத்துக்கொண்டிருந்தேன். இது பத்தரைக் கிலோ, வயதுக்குக் காணாது, இது பரவாயில்லை. ஒருநாள் ஒரு தாய் கேட்டேவிட்டாள்: "ஏன் மிஸி என்ட புள்ளய இப்பிடிப் பார்க்கிறீங்க?" கண்ணூறு பட்டுவிடும் என்று பயந்திருப்பாள் பாவம்.

அந்த ஆறு மாதமும் ஆளாளுக்கு எனக்குப் பொழுதுபோக்குச் சொல்லித் தந்தார்கள். ரிவி பாருங்கள், கதிர்காமம் போங்கள், பூக்கன்று வையுங்கள். பூக்கன்று வைத்தேன். மாரி தொடங்கியதும் வானம் அதற்குத் தண்ணீர் ஊற்றியது, நான் யன்னலால் பார்த்துக்கொண்டு இருந்தேன். பொழுது எப்படியும் போய்விடும் தம்பி, அதற்கு ஆள் தேவையில்லை. காலை எட்டு மணிக்கு நான் வராவிட்டால் "ஏன் இன்னும் காணல்ல?" என்று கேட்க ஒரு சீவன் இல்லை என்பதுதான் என்னை வாட்டியது.

இது எனக்கு விளங்கியது கூத்துப் பழக்குகிற ஒரு அண்ணாவியாரைப் பார்த்த பிறகு. படுவான்கரையில் எனது பழைய பிரிவில் இருக்கிறார், அப்போது அவருக்கு வயது 79. சீனி வருத்தத்தால் இரண்டு கண்ணும் பார்வை போய்விட்டது. சுகம் விசாரிக்கப் போனேன். பரிதாபப்படுவதற்கு ஆயத்தமாகத்தான் போனேன் என்று சொல்லவேண்டும். போனால் மனிசன் வீட்டில் இல்லை. கோயிலடியில் கிழமைக் கூத்து நடக்குது, அங்கே என்றார்கள்.

வடமோடிக் கூத்து. சட்டம் (அவரவர் பாட்டு எழுதிய ஏடு) கொடுத்து, சதங்கை அணிந்து, சனிக்கிழமைதோறும் ஆடிப் பழகிக்கொண்டிருந்தார்கள். ஓட்டோ ஓடுகிறவன், மேசன் வேலைக்காரன், ஏ.எல். படிக்கிற பையன் என்று பதினொரு பேர். அண்ணாவியார் களரி ஓரத்தில் ஒரு பிளாஸ்ரிக் கதிரையில், தலையைக் குனிந்துகொண்டு இருக்கிறார். மத்தளம் அடிப்பது வேறொருவர். இரண்டு சுற்று ஆடியிருப்பார்கள், கையை உயர்த்தினார். எல்லாம் நின்றது. "மூணாவதா வாறவன் ஆரு? வலது கால் பிந்துது. கால்ல என்ன?" மேசன் பையன் முழிக்கிறான். முதல் நாள் ஆணி ஏறி, புண்ணுக்குத் துணி சுற்றி, அதை மறைக்கச் சாரத்தை இறக்கிக் கட்டியிருந்தான். கண் தெரிகிற எங்களில் ஒருவருக்கும் அது தெரியவில்லை. அவருக்குச் சதங்கைச் சத்தத்தில் தெரிந்துவிட்டது.

(ஏற்பு ஊசி போட்டாயா என்று அவனை நான் பிடித்த பிடி வேறு கதை.)

அவருடைய கூத்துக் கொப்பியைக் கறையான் தின்றுவிட்டதாம். மனதில் இருக்கிற பாட்டையெல்லாம் அந்த ஏ.எல். பையனுக்குச் சொல்லி எழுதுவித்துக்கொண்டிருந்தார். ஒரு சனிக்கிழமை காய்ச்சலில் படுத்தபோது, பதினொரு பேரும் வாசலில் வந்து நின்றார்களாம், "இண்டைக்கு என்ன செய்யிற அண்ணாவியார்?" என்று. அன்றைக்கு அவருக்கு ஓய்வு வேண்டும் என்று சொன்னவர் அவருடைய மனைவி ஒருவர்தான். அண்ணாவியார் எழும்பிச் சாரத்தை உதறிக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

உடனே விபுலாநந்த அடிகளைப் பார், யாழ்நூலுக்காக 14 வருடம் உழைத்தார், 1947 ஜூனில் நூல் அரங்கேறியது, அடுத்த மாதமே கண்ணை மூடினார் என்று சொல்ல ஆட்கள் வருவார்கள். உண்மைதான். ஆனால் நீங்களும் நானும் மறைந்துபோன யாழைக் கண்டுபிடிக்கப் போவதில்லை. பெரிய மனிதரை உதாரணம் காட்டினால் எனக்குக் கதிரையை விட்டு எழும்பவே மனம் வராது. அண்ணாவியாரின் அளவு நமக்குப் போதும். பதினொரு பேர் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும்.

சரி, உங்கள் கையில் என்ன இருக்கிறது? 34 வருடப் படிவம் இருக்கிறது. உங்களுக்கு அது சலித்துப்போன சங்கதி. எங்கள் ஒழுங்கையில் ஒரு பெண், புருசன் அரசாங்கத் தொழிலாளியாக இருந்து பென்சன் எடுத்துக் காலமானவர். விதவைகள் அநாதைகள் ஓய்வூதியத்துக்காக அவள் ஐந்து தரம் அலைந்தாள். அடையாள அட்டையில் அவளுடைய பெயர் "மா" என்று முடிகிறது, விவாகச் சான்றிதழில் "மை" என்று முடிகிறது. அவ்வளவுதான் சிக்கல். இரண்டும் ஒரே ஆள் என்று சத்தியக் கடதாசி முடித்துக்கொண்டு வரும்படி முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் மூன்று நாள் கூலி மிஞ்சியிருக்கும். நீங்கள் சொல்லியிருப்பீர்கள் இல்லையா?

கிழமையில் இரண்டு காலை, ஒரே இடம், ஒரே நேரம். வாசிகசாலையோ கோயில் மடமோ, கேட்டால் ஒரு மேசை தருவார்கள். பிறப்புச் சான்றிதழில் பெயர்ப் பிழை, காணி பெர்மிட், முதியோர் அட்டை, பென்சன் கடிதம். நிரப்பிக் கொடுங்கள், எந்தக் கடதாசி குறைகிறது என்று சொல்லி அனுப்புங்கள். இரண்டு நிபந்தனை உண்டு. ஒரு சதமும் வாங்கக்கூடாது, வாழைக்குலையும் வாங்கக்கூடாது. இரண்டாவது, பழைய கந்தோருக்குள் போய் நின்று "இது நம்மட ஆள், கெதியா முடிச்சுக் குடுங்க" என்று கதைக்கக்கூடாது. கதைத்தால் மூன்றாம் மாதம் உங்களுக்குத் தரகர் என்று பெயர் வந்துவிடும். முதல் மாதம் ஒருவரும் வரமாட்டார்கள். அதற்காகப் போகாமல் விடவேண்டாம். அயன் பண்ணிய சேட் இருக்கிறதுதானே.

குசினிப் பிரச்சினைக்கு வருகிறேன். அது உங்கள் மனைவியின் கந்தோர். நீங்கள் பென்சன் எடுத்தீர்கள், அவர் இன்னும் எடுக்கவில்லை. கந்தோரில் உங்களுக்குப் பின்னால் ஒருவர் நின்று பைலைத் திறந்து பார்த்தால் எப்படி இருக்கும்? ஆனபடியால் மூடியைத் திறக்காமல் ஒரு வேலையை முழுதாக எடுத்துக்கொள்ளுங்கள். தேங்காய் துருவுவது, மீன் வாங்கிக் கழுவிக் கொடுப்பது, எதுவாகவும் இருக்கலாம். எடுத்தால் ஒவ்வொரு நாளும் உங்களுடையது. லீவு கேட்டு விண்ணப்பிக்கலாம், கிடைப்பது அவர் கையில்.

கேள்வி: மிஸி அக்கா, எனக்கு 67 வயது. மூன்றும் பெண்பிள்ளைகள். ஊர் வழமைப்படி மூன்று பேருக்கும் வீடு கட்டிக் கொடுத்தோம். இப்போது கடைசி மகளின் வளவில், பின்னால் ஒரு அறையில் நானும் அவரும் இருக்கிறோம். மகளும் மருமகனும் வேலைக்குப் போனால் இரண்டு பேரப்பிள்ளைகளும் என் பொறுப்பு. "அம்மம்மாவுக்கும் பொழுது போகுது" என்கிறார்கள். எனக்குப் பிள்ளைகளில் உயிர். ஆனாலும் சிறுவயதில் அம்மாவிடம் பன் (ஒரு வகைக் கோரைப் புல்) பாய் இழைக்கப் பழகினேன், கை இன்னும் அதற்குத் துடிக்கிறது. இந்த வயதில் இப்படி நினைப்பது பிழையா?
(தம்பிலுவில்)

பதில்: தங்கச்சி, பிழை பிழை என்று கடிதத்தில் நான்கு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள், சுருக்கும்போது மூன்றை வெட்டிவிட்டேன்.

நம்முடைய பகுதியில் பெண்களின் நடு வயது முழுவதும் சீமெந்து மூட்டைக் கணக்கிலேயே போய்விடுகிறது. மூத்தவளுக்கு இருக்கிற வீட்டைக் கொடுத்து, நாம் வெளியே கொட்டில் போட்டு, அடுத்தவளுக்கு அத்திவாரம் வெட்டி, பிறகு அதையும் கொடுத்துவிட்டு நகருவோம். நீங்கள் மூன்று வீடு கட்டியிருக்கிறீர்கள். சில கொந்தராத்துக்காரர் சீவியத்தில் அவ்வளவு முடிப்பதில்லை. கட்டி முடித்த கைக்கு அடுத்தது என்ன என்று கேட்க நாக்கூசவேண்டியதில்லை.

பேரப்பிள்ளை பார்ப்பதை நான் லேசாகச் சொல்லமாட்டேன். இரண்டு வயதுப் பிள்ளை பத்துப் பன்னிரண்டு கிலோ. ஒரு நாளைக்கு இருபது தரம் தூக்கி இறக்கினால் உங்கள் முதுகு எத்தனை கிலோ தூக்கியது என்று கணக்குப் பாருங்கள். வேலை என்றால் வேலைதான், அதற்குக் கிழமையில் லீவும் உண்டு. "போகட்டா?" என்று மகளிடம் கேட்காதீர்கள். கேட்டால் அவளுக்கு இல்லையென்று சொல்லவும் ஒரு வாசல் திறந்துவிடுகிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் சாப்பிட்ட பிறகு, சாதாரணமாகச் சொல்லுங்கள்: "புதனும் சனியும் பின்னேரம் நான் இருக்கமாட்டன். மூணு மணியில இருந்து ஆறு மட்டும்." முதல் கிழமை வீடு கொஞ்சம் குலுங்கும். விடுங்கள். கூரை விழாது, நீங்கள் கட்டிய வீடுதானே.

பாய் இழைக்கக் கூட்டாளி தேடுங்கள். தனியே இருந்து இழைத்தால் பேரப்பிள்ளை வந்து பன்னை இழுக்கும், எழும்பிவிடுவீர்கள். உங்கள் கிராம சேவகர் பிரிவில் முதியோர் சங்கம் இருக்கிறதா என்று பாருங்கள். சில சங்கம் உயிரோடு இருக்கும், சிலது ஒக்டோபர் 1 முதியோர் தினத்துக்கு மட்டும் மாலை போட எழும்பும். எப்படியானாலும் அங்கே பன் இழைத்த கை இரண்டாவது இருக்கும். கூடவே, அறுபது தாண்டியவர்களுக்கான முதியோர் அடையாள அட்டையைப் பிரதேச செயலகத்தில் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். வளவை மகளுக்கு எழுதிக் கொடுத்தபோது உங்கள் இரண்டு பேருக்கும் சீவிய உரித்து (உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமை) வைத்து எழுதினீர்களா? உறுதியை எடுத்துப் பாருங்கள். உங்கள் மகளில் எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. ஆனால் இன்னும் எழுதாமல் இருக்கிற வாசகிகள் இதைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். தம்மைத் தாமே பராமரிக்க முடியாத பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புக் கேட்டுப் போக 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் வழி வைத்திருக்கிறது. அதுவரை போகாமல் இருக்க, உறுதியில் ஒரு வரி.

கேள்வி: அப்பாவுக்கு 73 வயது. பிரஷர் இருக்கிறது. இன்னும் விடியப்புறம் தனியே தோணியில் போய் வீச்சுவலை வீசுகிறார். சாப்பாட்டுக்குக் குறையில்லை, விடுங்கள் என்றால் கேட்கிறாரில்லை. எப்படி மறிப்பது?
(வாழைச்சேனை)

பதில்: மறிக்காதீங்க மகன். 65 தாண்டியவர்கள் கிழமைக்கு 150 நிமிடமாவது உடம்பை அசைக்கவேண்டும், விழாமல் இருக்கக் கிழமையில் மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சி செய்யவேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது. ஆடுகிற தோணியில் நின்று வலை வீசுகிறவருக்கு எந்த மாஸ்டர் வந்து சமநிலை பழக்குவது?

மறிக்கவேண்டியது "தனியே" என்ற சொல்லை மட்டும். பக்கத்தில் இன்னொரு தோணி இருக்கட்டும், ஒழுங்கையில் வேலையில்லாமல் திரிகிற ஒரு பொடியன் கூடப் போகட்டும். வலையை எப்படித் தோளில் மடித்துப் போடுவது, எந்தத் தண்ணிக்கு எந்த மீன் வரும் என்று உங்களுக்கும் அவர் பழக்கியிருக்கமாட்டார், நீங்கள்தான் படிக்கப் போய்விட்டீர்களே. பிரஷர் குளிசையை எத்தனை மணிக்குப் போடுகிறார் என்று கேளுங்கள். சில குளிசை போட்டதும் எழும்பினால் தலை சுற்றும், சிலது அடிக்கடி சலம் போக வைக்கும். தோணிக்கு முன் போடுவதா பின் போடுவதா என்று கிளினிக்கில் கேட்டுச் செய்யவேண்டும், தானாக நிறுத்தக்கூடாது. கண்ணையும் ஒருமுறை காட்டிவிடுங்கள். பிடிக்கிற மீனை வீட்டார் சமைத்துச் சாப்பிடவும் வேண்டும். "இதெல்லாம் தேவையில்ல அப்பா" என்று ஐஸ் மீன் வாங்கி வைத்திருந்தீர்கள் என்றால், அவர் கோபத்தில்தான் தோணி ஏறுகிறார்.

கேள்வி: எழுபது வயதில் வட்ஸ்அப் பழகலாமா?
(அக்கரைப்பற்று)

பதில்: பழகலாம். பேத்தியிடம் பழகவேண்டாம், "எத்தனை தரம் சொல்ற அம்மம்மா" என்று போனைப் பறித்துத் தானே செய்து தந்துவிடும். உங்கள் வயது ஆளிடம் பழகுங்கள். பாங்கிலிருந்து கதைக்கிறோம், போனுக்கு வந்த இலக்கத்தைச் சொல்லுங்கள் என்று யார் கேட்டாலும் வையுங்கள் போனை. அப்புறம், விடியற்காலையில் ரோசாப்பூப் படத்தோடு காலை வணக்கம் அனுப்புகிற வருத்தம் உங்களுக்கும் தொற்றினால், என்னுடைய நம்பரை அழித்துவிடுங்கள்.

கேள்வி: எனக்கு 81 வயது. நாங்கள் கடலோர நாவலடி ஆட்கள். சுனாமியில் மனைவியும் ஒரு பேரனும் போய்விட்டார்கள். பிறகு திராய்மடுவில் வீடு தந்தார்கள். மகள் குறைவைக்காமல் பார்க்கிறாள். ஆனால் கடல் இரைச்சல் கேட்காமல் இன்னும் சரியான நித்திரை இல்லை. நான் எதற்கு இருக்கிறேன் என்று விளங்கவில்லை. நித்திரை வராதபோது நாவலடியில் எந்த வளவில் யார் இருந்தார்கள் என்று வரிசையாகச் சொல்லிப் பார்ப்பேன். அதிலும் இப்போது இரண்டு வளவு தவறுகிறது. நான் சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டுப் பிள்ளை இதை எழுதுகிறது.
(திராய்மடு)

பதில்: அண்ணன், முதலில் உங்கள் மகளுக்கு ஒரு சொல். அப்பா சாப்பாட்டைக் குறைத்திருக்கிறாரா, விடியப்புறம் எழும்பி இருட்டில் இருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால் "வயசு போனா அப்படித்தான்" என்று விடாமல் கிளினிக்கில் காட்டுங்கள். 1926 என்ற இலக்கத்துக்குப் போன் எடுத்தால் மனநலம் பற்றிக் கதைக்க ஆள் இருக்கிறது.

அண்ணன், எதற்கு இருக்கிறோம் என்பதற்கு என்னிடம் விடை இல்லை. ஒரு சம்பவம் சொல்கிறேன். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு முகாம்களில் பிள்ளைகளுக்கு நிறை பார்க்கப் போனேன். கிளினிக் கார்ட் எல்லாம் கடலோடு போயிருந்தது. புதுக் கார்ட் எழுத, ஒவ்வொரு தாயாகக் கூப்பிட்டு "பிறந்த நிறை எவ்வளவு?" என்று கேட்டேன். தெரியாது என்பார்கள் என்று நினைத்தேன். மூன்று கிலோ நூறு, இரண்டு கிலோ எழுநூற்றைம்பது, இரண்டு கிலோ அறுநூறு. யோசிக்காமல் சொன்னார்கள். உடுத்த சீலை தவிர வேறொன்றும் இல்லாத பெண்களிடம் அது இருந்தது. ஒரு தாய், பிள்ளை இல்லாமல் வரிசையில் வந்து நின்று நிறையை மட்டும் சொன்னாள். நான் அதற்கும் ஒரு கார்ட் எழுதினேன். அந்தக் கார்ட்டை எங்கே வைப்பது என்று எந்தச் சுற்றுநிருபத்திலும் இல்லை.

நாவலடியில் போனவர்களின் பெயர்கள் நினைவுத் தூபியில் இருக்கின்றன. யாருடைய வேலிக்கு அடுத்த வேலி யாருடையது, எந்த வளவுக் கிணற்றில் நல்ல தண்ணி, யாருடைய படலை எந்நேரமும் திறந்து கிடக்கும் என்பது எந்தக் கல்லிலும் இல்லை. அது உங்களிடம் இருக்கிறது, அதிலும் இரண்டு வளவு கழன்றுவிட்டது என்கிறீர்கள். அதனால் எனக்கு அவசரம்.

அந்தப் பிள்ளையிடம் ஒரு நூறு பக்கக் கொப்பி வாங்கச் சொல்லுங்கள். பக்கத்துக்கு ஒரு வளவு. வளவுக்காரர் பெயர், பிள்ளைகள், என்ன தொழில், வளவில் நின்ற மரம். தவறுகிற இரண்டுக்கும் பக்கம் விட்டு எழுதட்டும். நான் திராய்மடுவுக்கு அடுத்த மாதம் பத்தாம் திகதி காலை ஒன்பது மணிக்கு வருகிறேன், ஓட்டோவுக்குச் சொல்லிவிட்டேன். ஐந்து பக்கமாவது முடிந்திருக்கவேண்டும். வாசிக்காமல் திரும்பமாட்டேன்.

முகத்துவாரத்துப் பக்கமிருந்து தொடங்குங்கள். முதல் வளவு யாருடையது?